நடுக்கரை பால்வாடியும் ஒரு கூட்ட அறிவிப்பும்

போன மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் உதவியாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கூட்ட அறிவிப்புகளை இப்போது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்களாம். எந்தச் சாலைக்குத் தார் விழுகிறது, எந்த பஸ்ஸின் நேரம் மாறியிருக்கிறது, தேர் அன்று போலீஸ் எந்தத் தெருவை மறிக்கிறது, எல்லாமே அதில் வருகிறதாம். ஓர் உறுப்பினர் மட்டும் தனக்கு அறிவிப்பு சேரவில்லை என்று மனுக் கொடுத்திருக்கிறார்.

"நீல டிக் விழுந்திருக்கு சார். அப்புறம் எப்படிச் சேரலன்னு சொல்றாங்க? உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பார்த்தீங்க?"

"அந்த போன் யார் கையில இருக்குன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

உறுப்பினர் ஒரு பெண். போன் அவருடைய கணவரின் சட்டைப் பையில் இருக்குமாம்.

அவரிடம் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் அதிராம்பட்டினத்துக்காரன். அண்ணன் பினாங்குக்குக் கப்பலேறினார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டச்சுத் தேர்வும் தேர்வாணையத் தேர்வும் எழுதி இளநிலை உதவியாளரானேன். பட்டுக்கோட்டைப் பக்கம் இரண்டு ஆண்டு கோப்புகளுக்கு நூல் கோத்தேன். வேலை என்று அங்கே கற்றது அவ்வளவுதான். பிறகு கீழத்தஞ்சையில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். ஆனாலும் அந்த ஒன்றியத்தின் பெயரையும் ஆண்டையும் இங்கே தரப்போவதில்லை. சொன்னால் அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டிவிடுவார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மாதமும் கிழமையும் நாட்குறிப்பில் உள்ளபடி.

ஆட்சி மாறி, அலுவலகச் சுவரில் படங்கள் மாறி, கோப்புகளில் தமிழ் ஏறிய காலம் அது. எங்கள் ஒன்றியப் பெருந்தலைவரின் தோள் துண்டிலும் கரை மாறியிருந்தது. மாறாமல் இருந்தது நடுக்கரையில் அவருடைய நிலமும் நெல் மில்லும். அறுவடைக் காலம் வந்தால் நாளிதழைப் பிரிக்கவே பயமாக இருக்கும். கூலித் தகராறு, வெளியூர் ஆள் இறக்கம், களத்தில் அடிதடி, கைது என்று ஏதாவது ஓர் ஊரின் பெயர் தினமும் இருக்கும்.

எனக்குக் கொடுத்தது கூட்டப் பிரிவு. மாதம் ஒருமுறை ஒன்றியக் குழு கூடும். கப்பி உடைந்த சாலை, இடிந்த மதகு, பஸ் கேட்டு மனு, போலீஸ் நிலையத்திலிருந்து கடிதம், தெருவிளக்கு, கிணறு என்று வந்ததையெல்லாம் வரிசை எண் போட்டுப் பொருள் நிரல் தயாரிப்பேன். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் உருட்டி, கை முழுக்க மையோடு பிரதிகளை எண்ணி வைப்பேன். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாக அது ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் சேர்ந்து, தபால் புத்தகத்தில் அவர் கையெழுத்து விழ வேண்டும். இதற்குச் சார்வு என்று பெயர். ஒருவருக்குச் சார்வாகவில்லை என்றாலும் கூட்டம் செல்லாது. கூட்டம் முடிந்ததும் முடிவுகளை ஒரே தாளில் சுருக்கி எழுதி எல்லா ஊராட்சிகளுக்கும் அனுப்புவேன். பலகையில் அது ஒட்டப்படும் நாளில், பஸ் வருமா என்று பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

அலுவலகத்தின் தலைமை அதிகாரியான ஆணையாளரைத் தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். ஒல்லியானவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசுவதற்கு முன் பேனாவை மூடுவார். எழுதும்போது பேச மாட்டார், பேசும்போது எழுத மாட்டார். பேனா மூடும் 'டக்' சத்தம் கேட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். யாரையும் திட்டியதில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்புக்குத் திட்டே மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

கூட்டம் தொடங்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் கேட்க என்னைப் பார்த்து, "அறிவிப்பு அனைவருக்கும் சார்வாச்சா?" என்பார். நான் எழுந்து, "ஆச்சுங்க சார்" என்பேன். அதற்குப் பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். சட்டத்தில் இப்படிக் கேட்கச் சொல்லவில்லை. அவருக்கு அது வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு நானும் மாதம் தவறாமல் எழுந்து பதில் சொல்லி உட்கார்ந்தேன்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

குழுவில் பெண்களுக்கான நியமன இடம் ஒன்றில் நடுக்கரைக் காலனியைச் சேர்ந்த செல்லம்மாள் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நடவு, அறுப்பு என்று கூலி வேலை. ஐந்தாவது வரை படித்தவர், கையெழுத்துப் போடுவார். அவரை நியமிக்கச் சொன்னவரே பெருந்தலைவர்தான். கூப்பிட்டால் வந்து, கை தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டுப் போகிற ஆள் என்று நினைத்திருக்கிறார்.

அறிவிப்புகளை சைக்கிளில் கொண்டுபோகிற பியூன் கோவிந்தசாமி நடுக்கரை மில்லோடு திரும்பிவிடுவார். அதற்கு அப்பால் இருந்த காலனிக்குள் அவர் மட்டுமல்ல, அலுவலகத்திலிருந்து யாருமே போனதில்லை. மில்லில் பெருந்தலைவரின் காரியஸ்தர் வைத்தி இருப்பார். செல்லம்மாள் வேலைக்கு வரும்போது கொடுத்துவிடுவதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொள்வார். புத்தகத்தில் செல்லம்மாள் பெயருக்கு நேரே 'பெற்றுக்கொண்டேன், வைத்தி' என்று எழுதுவார். மாதாமாதம் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் செல்லம்மாளும் கூட்டத்துக்கு வந்துவிடுவார். அதனால் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. ஒரு சமூகத்தின் தெருவுக்குள் அரசாங்கத் தாள் நுழையாமல் இருந்ததற்கு, நான் மாதம் ஒருமுறை எழுந்து நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஆண்டு தை பிறந்ததும் நடுக்கரையில் அறுப்பு நின்றது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். பெருந்தலைவர் மறுத்தார். காலனியில் ஒருவரும் அவர் வயலில் இறங்கவில்லை. அவர் வெளியூர் ஆள் கொண்டுவரப் போவதாகச் செய்தி பரவ, ரிசர்வ் போலீஸ் வந்து மில் கொட்டகையில் முகாம் போட்டது. கதிர் தலை சாய்ந்து நின்றது. தினம் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்து அனுப்பினார்கள். ஒருவன் தாடை வீங்கித் திரும்பினான்.

அந்த மாதப் பொருள் நிரலில் ஏழாவதாக ஒன்று பெருந்தலைவர் கையெழுத்தோடு வந்தது. நடுக்கரைக் காலனியிலுள்ள பால்வாடிக் கட்டடத்தைப் போலீஸ் முகாமுக்கு ஒதுக்குவது. கட்டடம் ஒன்றியத்துடையது, குழு தீர்மானம் போட்டால் மறுநாளே சாவி கைமாறும். காலனியின் நட்டநடுவில் இருந்தது அது. கைதுக்குப் பயந்து ஆண்கள் ஒளிந்திருக்க, பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருந்த தெருவில் போலீஸ் குடியேறினால் வேலைநிறுத்தம் இரண்டு நாள் தாங்காது. கொட்டகையும் காலியாகும்; வரப்போகிற நெல்லை அங்கே கொட்டலாம். எல்லோருக்கும் புரிந்த கணக்குதான்.

கூட்டம் தை மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. ஒன்பதரைக்குத் தபால் புத்தகத்தைத் திறந்தேன். 'பெற்றுக்கொண்டேன், வைத்தி.' வழக்கமான வரிதான். அன்று அதை இரண்டாம் தடவை படித்தேன். செல்லம்மாள் மில் பக்கம் போய்ப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்.

கோவிந்தசாமியைக் கூப்பிட்டேன்.

"செல்லம்மாளுக்கு எங்க குடுத்தீங்க?"

"எப்பவும்போல மில்லுலதான் பாய்."

"அவங்கதான் வேலைக்கே வரலியே."

"அது எனக்கும் தெரியும் பாய். வைத்தி ஐயா வாங்கிக்கிட்டாரு. நான் என்ன, போலீசத் தாண்டிப் போயி வீடு வீடாக் கதவத் தட்டவா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ரெண்டு வருஷமா நீங்க கேக்கலியே."

ஆணையாளர் அறைக்குப் போனேன். எழுதிக்கொண்டிருந்தார். நின்றேன். பேனா மூடியது. நடந்ததைச் சொன்னேன்.

"புத்தகத்துல கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"யாருது?"

அவர் காத்திருந்தார்.

"காரியஸ்தருது சார்."

"சரி. கூட்டத்துல வழக்கம்போல கேப்பேன். நீங்க பதில் சொல்லுங்க."

"என்ன சொல்லட்டும் சார்?"

"ஷாகுல், கேள்வி என்னுது. பதிலும் என்னுதுன்னா நீங்க எதுக்கு எழுந்திருக்கணும்?" என்று பேனாவைத் திறந்துவிட்டார். அதற்கு மேல் பேச முடியாது.

வாசலில் பெருந்தலைவரின் கார் வந்து நின்றது. உள்ளே வந்தவர் என் மேஜையருகே நின்று, "என்ன பாய், மொகம் ஒரு மாதிரி இருக்கு? நோன்பு கீன்பா?" என்றார்.

"இல்லைங்க ஐயா."

"ஏழாம் நம்பரச் சுருக்கா முடிச்சிடணும். பன்னண்டு மணிக்கு டி.எஸ்.பி.ய வரச் சொல்லியிருக்கேன்."

அறிவிப்பு சேராதது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. அவர் சொல்லித்தான் வைத்தி தாளை மறைத்தாரா, சும்மா மேஜையில் போட்டுவைத்தாரா என்பதும் தெரியாது.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. செல்லம்மாளின் நாற்காலி காலி. ஆணையாளர் என்னைப் பார்த்தார்.

"அறிவிப்பு அனைவருக்கும் சார்வாச்சா?"

எழுந்தேன். பெருந்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திருமணமாகி ஏழு மாதம். மாற்றலானால் எங்கே போடுவார்கள் என்ற நினைப்புத்தான் ஓடியது.

"ஆச்சுங்க சார்" என்றேன்.

ஆணையாளர் இரண்டு நொடி அதிகமாகப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

முதல் பொருள் ஒரு கப்பிச் சாலை, நிறைவேறியது. இரண்டாவது, பஸ். கிழக்கு எல்லையிலிருந்த ஊரின் தலைவர் வேலாயுதம் எழுந்தார். அவர் பேச எழுந்தாலே சபை சிரிக்கத் தயாராகும்.

"தலைவர் அவர்களே, எங்க ஊருக்கு பஸ் வருது, இல்லன்னு சொல்லல. ஆனா நிக்க மாட்டேங்குது. நாங்களும் வணக்கம் போட்டுப் பாத்துட்டோம், கட்சிக்கொடி கட்டிப் பாத்துட்டோம். டிரைவரு எங்க ஊருல பொண்ணு எடுத்தாத்தான் நிப்பாரு போலிருக்கு. அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுருவோமா?"

"ஒங்க ஊரு பொண்ணுன்னா அவரு ரூட்டையே மாத்திக்குவாரு ஓய்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்பெடுத்தேன். எழுத்து எனக்கே புரியாமல் கோணிக்கொண்டு போனது.

நான்காவது பொருள் நடுக்கரைக் காலனியின் சுடுகாட்டுப் பாதை. வாய்க்காலின் குறுக்கே ஒரு சிறு பாலமும் அந்தப் பக்கம் மண் பாதையும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பிணத்தை நெஞ்சளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு ஆண்டாகச் செல்லம்மாள் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று மறுப்பே இல்லாமல் நிறைவேறியது. ஏழாவதற்கு முன்னால் கொடுக்கும் இனிப்பு அது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து, ஆறு முடிந்தது. பெருந்தலைவர், "ஏழு. பாய், படிங்க" என்றார்.

எழுந்து பொருளைப் படித்தேன். 'நடுக்கரைக் காலனி பால்வாடிக் கட்டடத்தை' என்பதோடு நிறுத்தித் தாளைக் கீழே வைத்தேன்.

"தண்ணி குடிச்சிட்டுப் படிங்க பாய்."

"சார்" என்று ஆணையாளர் பக்கம் திரும்பினேன். "முதல்ல சொன்ன பதிலத் திருத்தணும். உறுப்பினர் செல்லம்மாளுக்கு அறிவிப்பு சார்வாகல."

பெருந்தலைவர் மெதுவாகக் கேட்டார்: "புத்தகத்துல கையெழுத்து இருக்குல்ல?"

"அது உங்க காரியஸ்தர் கையெழுத்துங்க ஐயா."

"ரெண்டு வருஷமா அவந்தானய்யா வாங்குறான். இன்னக்கித்தான் ஒனக்குக் கண்ணு தெரிஞ்சிச்சா?"

அந்த இரண்டு ஆண்டில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பேனா மூடியது. "கூட்டம் செல்லாது" என்றார் ஆணையாளர். "இன்னக்கிப் போட்ட தீர்மானம் எதுவும் நிக்காது. புதுசா அறிவிப்புக் கொடுத்து மறுபடி கூட்டணும்."

"எங்க பஸ்ஸுமா சார்?" என்றார் வேலாயுதம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"பஸ்ஸுந்தான்."

கலைந்து போகும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணையாளர் மட்டும் மேஜையருகே நின்றார். "நடவடிக்கைக் குறிப்புல முதல் பதிலையும் எழுதுங்க, ரெண்டாவதையும் எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை பொருள் போச்சுங்கறதையும் எழுதுங்க. சாயங்காலம் உங்களுக்கு மெமோ வரும்." வந்தது. பணிப் பதிவேட்டில் கண்டனமாக இன்னும் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்டென்சிலை மீண்டும் உருட்டி, செல்லம்மாளுக்கான பிரதியை நானே எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. மில் வாசலில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எங்க?"

"ஒன்றிய ஆபீஸ். மெம்பருக்கு நோட்டீஸ்."

"அந்தத் தெருவுல மெம்பரா?" என்று சிரித்துவிட்டு வழிவிட்டார்.

பால்வாடி வாசலில் குழந்தைகள் தட்டுடன் உட்கார்ந்திருந்தன. செல்லம்மாள் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். ஆயா வேலைக்கு வரப் பயந்துகொண்டு நின்றுவிட்டதால் அவரே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"யாரப் புடிக்க வந்திருக்கீங்க பாய்?"

"யாரையும் இல்லங்க. கூட்ட நோட்டீஸ்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழில் விரல் நின்றது.

"இது எப்ப போட்டது?"

நேற்று நடந்ததைச் சொன்னேன், நான் சொன்ன முதல் பதில் உட்பட. அவர் குழந்தைகளைப் பார்த்தார்.

"நாலாவதுல பாதை பாஸாயிருச்சா?"

"ஆச்சு. கூட்டம் செல்லாததால அதுவும் போச்சு."

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா பாதை கெடச்சிருக்கும்."

"ஆமாங்க."

"பால்வாடி போயிருக்கும்."

"ஆமாங்க."

"நல்ல ஆபீசு பாய் உங்க ஆபீசு" என்றார். தபால் புத்தகத்தை வாங்கி, தன் பெயருக்கு நேரே முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் கிழிந்தது.

அடுத்த புதன்கிழமை மறு கூட்டம். ஆணையாளர் கேட்டார், பதில் சொன்னேன். செல்லம்மாள் வந்திருந்தார். அருகே இருந்த இரண்டு நாற்காலிகள் சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருந்தன. நான்காவதாக இருந்த பாதையை எடுத்தவுடன் பெருந்தலைவர், "ஓவர்சியர் அறிக்கை வரட்டும், தள்ளி வைங்க" என்றார். அது தண்டனை.

ஏழாவது வந்தது. பெருந்தலைவர் நன்றாகவே பேசினார். அமைதி, பொதுச் சொத்து, அண்ணன் தம்பியாக வாழ்வது. கைதூக்கச் சொல்லும் நேரத்தில் செல்லம்மாள் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, நான் வேண்டாம்னு சொல்லல."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"போலீசு வரட்டும். ஆனா அங்க எங்க புள்ளைங்க கஞ்சி குடிக்குது. அதுங்கள எங்க ஒக்கார வைக்கிறதுன்னும் தீர்மானத்துல எழுதணும். போலீசு கொட்டாயக் காலி பண்ணிட்டுத்தான் இங்க வருது. அப்ப கொட்டாய் சும்மாத்தானே கெடக்கும். எங்க புள்ளைங்க தெனமும் மில்லுக்கு வரட்டும். கொட்டாயில ஒக்காரட்டும், உங்க கெணத்துல தண்ணி மொண்டு குடிக்கட்டும். அறுப்பு முடியிற வரைக்கும். இதத் திருத்தமா எழுதிக்குங்க."

ஆணையாளர் பேனாவை மூடினார். "திருத்தம் முறைப்படி இருக்கு. வழிமொழியறவங்க?"

யாரும் அசையவில்லை. பெருந்தலைவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். மேடையில் சமத்துவம் பேசுகிறவர் அவர். முந்தின வாரம்தான் சமபந்தி விருந்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, காலனிப் பிள்ளைகள் தன் கிணற்றில் தண்ணீர் மொள்வதை நினைக்கவும் முடியவில்லை.

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "நான் வழிமொழியறேன் சார். எங்க பஸ்ஸக் காக்கப் போட்டதுக்காவது."

"விடுங்கய்யா" என்றார் பெருந்தலைவர். "பொருளத் திரும்ப எடுத்துக்கிறேன். அடுத்ததப் படிங்க பாய்."

அப்படியே எழுதினேன்: 'பெருந்தலைவர் இப்பொருளைத் திரும்பப் பெற்றார்.' செல்லம்மாள் உட்காரவில்லை. "எழுதினதப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார் ஆணையாளரிடம். படித்தேன். பிறகுதான் உட்கார்ந்தார்.

முகாம் கொட்டகையிலேயே இருந்தது. இரண்டு வாரத்தில் தாசில்தார் முன்னிலையில் பேச்சு நடந்து, கேட்டதில் பாதிக்கு உடன்பாடாயிற்று. அறுப்பு தொடங்கியதும் நெல் கொட்ட இடம் வேண்டுமென்று பெருந்தலைவரே கேட்டு முகாமை எடுக்க வைத்தார்.

அடுத்த மாத அறிவிப்பை நானே கொண்டுபோனேன். கோவிந்தசாமியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். காலனி முனையில் சற்றுத் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். செல்லம்மாள் களத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். தலையில் வைக்கோல் தூசு. தாளை வாங்கி விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"பாதை இல்லியே பாய்."

"இல்லங்க. ஓவர்சியர் அறிக்கை வரலன்னு எடுத்துட்டாங்க."

"ஆடிக்குத் தண்ணி வந்துரும். எங்க மாமியா இந்த வருஷம் தாங்காது."

தபால் புத்தகத்தை நீட்டினேன். புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். தேதி எழுதச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"பதினோரு மணிக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.